இடப்பக்கத்துப் பஞ்சு

குற்றாலத்தில் பேராச்சியிடம் துணி கொடுக்கிற பெண்கள் எல்லோரும் குறை சொல்லுகிறவர்கள்தான். கழுத்து ஏறிவிட்டது என்பார்கள், கை இறுக்குகிறது என்பார்கள், கொக்கி தெறிக்கிறது என்பார்கள். ஆடிக்குத் தைத்த ஜாக்கெட் ஆவணிக்குச் சேராமல் போனால் அதற்கும் பேராச்சிதான் பொறுப்பு. அவள் அதை வருத்தமாக எடுத்துக்கொண்டதே இல்லை. "கொறை சொல்லுதவதான் திரும்பி வருவா. ஒண்ணும் சொல்லாம போறவ அடுத்த தெருவுல டெய்லரப் பாத்துட்டான்னு அர்த்தம்" என்று புருஷன் சங்கரபாண்டியிடம் சொல்லிச் சிரிப்பாள். அவன் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி மூடை தூக்குகிறவன். "என் தலையில கெடக்குத வெங்காய மூடகூட கொறை சொல்லாதுட்டி, ஒன் பொழப்பு கஷ்டந்தான்" என்பான்.

ஒரு குறையும் சொல்லாமல், அதே சமயம் வேறு எங்கும் போகாமல் பதினோரு வருசமாக வந்துகொண்டிருந்தவள் ஒருத்திதான். அவள் ஜுஹைனா.

பேராச்சி படித்தது அஞ்சாம் வகுப்பு வரைக்கும். அதோடு வீட்டில் பீடித்தட்டை மடியில் வைத்துவிட்டார்கள். கல்யாணமாகி வந்த பிறகு பீடிப்புகையிலை நெஞ்சுக்கு ஆகாமல் இருமல் வந்து, சங்கரபாண்டி எங்கேயோ ஒரு பழைய தையல் மிஷினைத் தலையில் வைத்துத் தூக்கி வந்தான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மிஷினுக்குச் சந்தனம் வைத்து, குழல்வாய்மொழி அம்மன் குங்குமம் வைத்து உட்கார்ந்தவள், இருபத்து மூணு வருசமாக அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். தினம் காலையில் மிஷினுக்கு முன்னால் ஊதுபத்தி கொளுத்தி, "அம்மா, இன்னைக்கு யார் துணியும் என் கையால கெட்டுப் போவக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் மிதிப்பாள். அவளுடைய பூஜையே அவ்வளவுதான்.

குற்றாலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற வீட்டின் முன்னறைதான் கடை. நெடுகச் சுவரில் ஆணி அடித்திருப்பாள். வாடிக்கைக்காரிகள் ஒவ்வொருத்திக்கும் ஒரு ஆணி, ஒரு பிளாஸ்டிக் கவர். அந்தக் கவரில் அவர்களுடைய அளவு ஜாக்கெட், மிச்சத் துணி, நூல், கொக்கி எல்லாம் கிடக்கும். பேர் எழுதி ஒட்டுவதில்லை. ஆணியைப் பார்த்தாலே ஆள் தெரியும்.

ஜுஹைனாவை அவள் தாய் ஜாஹிரா பீவி முதல் தடவை கூட்டி வந்தபோது அந்தப் பிள்ளைக்குப் பதினஞ்சு வயசு. வாப்பா அப்துல் மஜீது அப்போது சவுதியில் இருந்தார். தென்காசியில் அவர்கள் தெருவிலேயே நாலு டெய்லர்கள் உண்டு. அத்தனை பேரையும் விட்டுவிட்டு பஸ் ஏறிக் குற்றாலத்துக்கு ஏன் வந்தார்கள் என்பது உள்ளறையில் கதவைச் சாத்தின பிறகுதான் பேராச்சிக்குப் புரிந்தது. பிள்ளைக்கு வலது மார்பு வயசுக்குத் தக்கபடி வளர்ந்திருந்தது. இடது பக்கம் வளரவே இல்லை. பிறவியிலேயே அப்படி. சின்னப் பிள்ளை மாதிரி தட்டையாக இருந்தது. ஜுஹைனா கையைத் தூக்கியபடி சுவரில் கிடந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் இமைக்கவில்லை.

பேராச்சி ஒரு கேள்வி கேட்கவில்லை. அளவு நோட்டில் அவள் பக்கத்தில் இடது ஓரமாகப் பேனாவால் ஒரு புள்ளி மட்டும் வைத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் இலவம்பஞ்சை எடுத்து மல்துணியில் பொதிந்து, வட்டம் வட்டமாகத் தையல் ஓட்டி, துவைத்தாலும் திரண்டு போகாதபடி ஒரு மெத்தை செய்தாள். அதை மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் வைத்து மூடித் தைத்தாள். சுடிதாரைப் போட்டுப் பார்த்த பிள்ளை குனிந்து தன்னையே பார்த்தது. பிறகு தாயைப் பார்த்தது. ஜாஹிரா பீவிதான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனி எல்லாத்துணியும் இங்கனதான் பேராச்சி" என்றாள்.

அதற்குப் பிறகு ஸ்கூல் யூனிபாரம், காலேஜுக்குப் போட்ட சுடிதார்கள், பெருநாள் துணி, வேலைக்குப் போட்டுப் போகிற டாப் எல்லாமே பேராச்சி கைதான். வருசம் கூடக் கூட மெத்தையின் கனத்தையும் கூட்டிக்கொண்டே போனாள். அந்தக் கவரில் எப்போதும் ரெண்டு மெத்தை தயாராகக் கிடக்கும். "வழக்கம் போல" என்று ஜாஹிரா பீவி சொல்லுவாள், "சரிக்கா" என்று பேராச்சி சொல்லுவாள். மூணு பேரும் அந்த விஷயத்தை ஒரு நாளும் வாயைத் திறந்து பேசினதில்லை. வீட்டுச் சாவியை எங்கே வைத்திருக்கிறோம் என்று வாசலில் நின்று யாராவது சொல்லுவார்களா? அது மாதிரி.

இந்த வருசம் பங்குனியில்தான் ஜுஹைனா முதல் முதலாகத் தனியாக வந்தாள். இப்போது அவளுக்கு இருபத்தாறு வயசு. தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். கையில் துணி ஒன்றும் இல்லை.

"அக்கா, மூணு மாசத்துக்கு எனக்கு ஒண்ணும் தைக்க வேண்டாம்."

"ஏன் தாயி? வேற டெய்லரப் பாத்துட்டியா?" என்று பேராச்சி சிரித்தாள்.

"இல்லக்கா. திருவனந்தபுரத்துல ஒரு ஆஸ்பத்திரில ஆபரேசன். அங்க சிலிக்கான் பை மாதிரி ஒண்ணு உள்ள வச்சுச் சரி பண்ணுவாங்க. ரெண்டு வருசமா யோசிச்சேன்."

பேராச்சி கத்திரியைக் கீழே வைத்தாள். "கல்யாணம் ஏதும் கூடி வந்திருக்கா?"

"எல்லாரும் இதையேதான் கேக்குதாங்க. உம்மா கேட்டாங்க, டாக்டரும் கேட்டாரு. கல்யாணத்துக்கு இல்லக்கா. எனக்கு."

ஜாஹிரா பீவிக்கு மட்டும் மனசில் ஒரு முள் இருந்தது. அல்லாஹ் படைத்ததில் நாம் கை வைக்கலாமா என்று. மார்க்க விவரம் தெரிந்த ஒரு ஆலிமிடம் போய்க் கேட்டார்கள். அழகுக்காக மாற்றுவது வேறு, குறையைச் சரி செய்துகொள்வது வேறு, தாராளமாகச் செய்யுங்கள் என்று அவர் சொன்னார். தெருவில் கேட்டவர்களிடம் டிரெயினிங் போகிறாள் என்று சொல்லிவிட்டு, தாயும் மகளும் கொல்லம் ரயிலில் ஏறிப் போனார்கள்.

அன்றைக்குக் காலையில் பேராச்சி திருக்குற்றாலநாதர் கோயிலுக்குப் போய், "யாரோட சாமி கேட்டாலும் சரி, பிள்ளைய நல்லபடியா கொண்டு வந்து சேருங்க" என்று கும்பிட்டு வந்தாள்.

ஆனி பிறந்து சாரல் பிடித்த பிறகு ஜுஹைனா வந்தாள். அவள் பெரியம்மா மகள் ஷஹானாவுக்குக் கல்யாணம். அதற்கு உடுத்த ஒரு பச்சைப் பட்டு. ஜாக்கெட் துணியோடு ஒரு சுடிதார் துணியும் கொண்டு வந்திருந்தாள். பேராச்சி வழக்கம் போல உள்ளறைக் கதவைச் சாத்தினாள். டேப்பை எடுத்து, வழக்கம் போலவே கண்ணைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு அளவெடுத்தாள். வலது பக்கம் எடுத்தாள். இடது பக்கம் எடுத்தாள். மறுபடியும் வலது பக்கம் எடுத்தாள். டேப்பில் விரல் நின்ற இடம் ரெண்டும் ஒன்றாக இருந்தது.

"என்னக்கா, சரியா வரலயா?"

"வந்திருக்கு தாயி. சரியா வந்திருக்கு." டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "ஒனக்கு எப்படி இருக்கு? வலி கிலி?"

"மொத மாசம் கையத் தூக்க முடியல. இப்போ ஒண்ணுமில்ல. பழைய துணியெல்லாம் எடுத்து வச்சிட்டு, கடையில வாங்குன தொளதொள டாப்பத்தான் போட்டுட்டு இருக்கேன். ஆனா ஒரு கூத்து நடந்துச்சுக்கா." ஜுஹைனா துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள். "ஆஸ்பத்திரிலருந்து ஒரு சிஸ்டர் போன் பண்ணுனாங்க. திருப்தியா இருக்கீங்களான்னு கேக்கதுக்கு. ஒரு பெரிய லிஸ்டு வச்சிருக்காங்க. 'வஸ்திரம் போட்டு கண்ணாடி நோக்கும்போ எப்படியா இருக்கு, பத்துக்கு எத்தனை?'ங்காங்க. நான் முன்ன மாதிரிதான் இருக்குன்னு சொல்லிட்டேன். 'அய்யோ மோளே, அப்போ திருப்தி இல்லையா?'ன்னு பதறிப் போனாங்க. துணி போட்டுப் பாத்தா நான் எப்பவுமே சரியாத்தான இருந்தேன். ஒங்க தையலப் பத்தி அவங்களுக்கு நான் எப்படிச் சொல்ல?"

பேராச்சிக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. "அப்போ நான் ஒனக்கு மார்க்கக் கொறச்சிட்டேன்னு சொல்லு."

"ஆமா, ரெண்டு மார்க்கு ஒங்களால போச்சு."

"வேற யாருக்கும் தெரிஞ்சுதா?"

"யாருக்குமே தெரியலக்கா. லேபுல ஒருத்தி மட்டும் 'என்ன ஜுஹைனா, முடி வெட்டிருக்கியா'ன்னு கேட்டா." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "குளிக்கப் போகையில பாத்ரூம் கண்ணாடியில துண்டப் போட்டு மூடிட்டுத்தான் குளிப்பேன். பத்து வருசமா. வீட்டுல எல்லாரும் ஈரத் துண்ட ஏன் அதுல போடுதன்னு ஏசுவாங்க. இப்போ போடுததில்ல. அந்தச் சிஸ்டர் லிஸ்டுல இது இல்ல."

சாரல் காலம் பேராச்சிக்கு மூச்சு விட நேரமில்லாத காலம். அருவியில் குளிக்க வந்தவர்கள் கிழிந்த நைட்டியையும் அறுந்த நாடாவையும் தூக்கிக்கொண்டு வந்து, "இப்பவே தைச்சுத் தாங்க, வேன் நிக்குது" என்பார்கள். ஊர்க் கல்யாணத் துணிகள் வேறு. பச்சைப் பட்டு ஜாக்கெட்டைப் புது அளவுக்குத்தான் வெட்டினாள். வெள்ளிக்கிழமை காலையில் அதைத் தைத்து முடித்து, மதியம் ஜாஹிரா பீவி வந்து கேட்டபோது மடித்துக் கொடுத்தாள். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை.

சனிக்கிழமை காலையில் போன் அடித்தது. ஜாஹிரா பீவி.

"பேராச்சி, அந்தச் சுடிதாரு துணிய வெட்டிட்டியா?"

"இன்னும் இல்லக்கா. திங்கக்கெழம வெட்டலாம்னு..."

"புது அளவுக்கு வெட்டாத. பழைய அளவுக்கே வெட்டு. வழக்கம் போல." அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது குரல் உடைந்தது. பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டது. கல்யாண வீட்டு உறவுக்காரர்கள் வந்து நிறைந்திருக்கிறார்கள் போல.

"ஏன்க்கா? என்ன ஆச்சு?"

ஜாஹிரா பீவி குரலைத் தாழ்த்தினாள். "நேத்து சாயங்காலம் ஜாக்கெட்டப் போட்டுப் பாத்தா. எடப்பக்கம் வீங்கிப் போயிருக்கு பேராச்சி. வலத விடப் பெருசாத் தெரியுது. இறுக்குதுன்னு சொல்லுதா. கழத்திட்டுக் கண்ணாடியப் பாக்கவே பயப்படுதா. அப்படி ஏதும் ஆனா ஒடனே வரணும்னு டாக்டரு முன்னாடியே சொல்லிருந்தாராம். சோறு தண்ணி இல்லாம கெடக்கா. மத்தியான ரயிலுக்குப் போறோம். போயி அத எடுத்துருங்கன்னு சொல்லப் போறாளாம். 'அல்லா குடுக்காதத நானா வச்சேன், அதான்'னு ஒரே அழுக. நாந்தான் மொதல்லயே..." அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். "வச்சிருதேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

பேராச்சி போனைக் கையில் பிடித்தபடியே நின்றாள். நேற்றுத்தானே அளவுக்குச் சரியாக வெட்டினோம், ரெண்டு பக்கமும் ஒன்றாகத்தானே டாட் மடிப்புப் பிடித்தோம் என்று மனசுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அளவெடுத்ததற்கு அப்புறம் இந்தக் கொஞ்ச நாளில் வீங்குமா? வீங்கலாம், உடம்புதானே. ஆனால் ஜாக்கெட்டைப் போட்ட பிறகு தெரிந்தது என்று ஜாஹிரா அக்கா சொன்னாளே.

பேராச்சி மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். ஜுஹைனாவின் ஆணி. எழுந்து போய் அந்தக் கவரை எடுத்துக் கட்டிங் மேசையில் கொட்டினாள். அளவு ஜாக்கெட் விழுந்தது. பச்சை நூல்கண்டு விழுந்தது. கொக்கிப் பாக்கெட் விழுந்தது. பஞ்சு மெத்தை விழுந்தது. ஒன்று.

ரெண்டு கிடக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் கிடந்தது.

"அம்மா, தாயே" என்று அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணை மூடினால் நேற்றுக் காலை அப்படியே தெரிந்தது. வாசலில் ஒருத்தி கழுத்து ஏறிப் போச்சு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே பேராச்சி இடது கையைக் கவருக்குள் விட்டாள். கொக்கி எடுத்தாள், நூல் எடுத்தாள், கூடவே மெத்தையையும் எடுத்தாள். பதினோரு வருசமாக அந்தக் கவருக்குள் போன கை அதை எடுக்காமல் வெளியே வந்ததே கிடையாது. நேற்றும் எடுத்தது. லைனிங்குக்கு நடுவில் வைத்தது. மூடித் தைத்தது. வாய் கழுத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தது.

சரி, அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? அதையும் பேராச்சியே யோசித்துக் கண்டுபிடித்தாள். பேராச்சி தைத்து அவள் போட்ட எல்லாத் துணியிலும் இடப்பக்கம் அந்தக் கனம் இருந்தது. கனம் இல்லாமல் இருந்திருந்தால்தான் அவள் தடவிப் பார்த்திருப்பாள்.

போனைப் போட்டுச் சொல்லிவிடலாம் என்று நம்பரைத் தேடினாள். பிறகு நிறுத்திக்கொண்டாள். ஜாஹிரா அக்காவைச் சுற்றி வீடு நிறைய ஆட்கள். பஞ்சு, இடப்பக்கம் என்று போனில் எப்படிப் பேசுவது? பதினோரு வருசம் மூடி வைத்ததை இவள் அவசரத்தில் கல்யாண வீட்டுக்கு நடுவில் போட்டு உடைக்க முடியாது. ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால்? டாக்டர் பார்த்து நல்லாத்தான் இருக்கிறது என்பார். ஆனாலும் பயந்துபோன பிள்ளை, எடுங்கள் எடுங்கள் என்று ஒற்றைக் காலில் நின்றால்? அந்தக் கண்ணாடியில் மறுபடியும் துண்டு விழுமே.

பிளேடையும் ஊசிநூலையும் மடிப்பர்சில் போட்டுக்கொண்டு, கடையைப் பூட்டித் தென்காசிக்குக் கிளம்பினாள்.

சனிக்கிழமை, சாரல், சீசன். கேட்க வேண்டுமா? மெயினருவி ரோட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வேனும் காருமாக அடைத்துக்கொண்டு நின்றது. ஏறின பஸ் பத்து நிமிசம் ஆகியும் நகரவில்லை. "எப்பய்யா எடுப்பீரு?" என்று கேட்டதற்கு, "முன்னால நிக்க வேன்காரன்கிட்ட கேளுங்க ஆச்சி, அவன் எண்ணெ தேச்சுக் குளிச்சிட்டு வரட்டும்" என்றான் கண்டக்டர். பேராச்சி இறங்கி நடந்தாள். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, ஈரத் துண்டோடு போகிறவர்களையும் நேந்திரம் சிப்ஸ் கடைகளையும் தாண்டி, சாரல் முகத்தில் அடிக்க அடிக்க, காலில் சேறு தெறிக்க நடந்தாள். மேலகரம் பக்கம் வந்த பிறகுதான் ஒரு ஆட்டோ கிடைத்தது.

வழியெல்லாம் அவள் சாமியைக் கும்பிட்டாள். ஆனால் தன் தப்பை மறைத்துக் கொடு என்று கேட்கத் தோன்றவில்லை. ரயில் கிளம்பும் முன்னால் கொண்டு போய்விடு என்று மட்டும் கேட்டாள்.

வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. ஜாஹிரா பீவி அவளைப் பார்த்ததும் திகைத்துப் போனாள். "என்ன பேராச்சி, இம்புட்டுத் தூரம்? நனைஞ்சு வந்திருக்க?"

"ஜாக்கெட்ல ஒரு கொக்கி வைக்க மறந்துட்டேன்க்கா" என்று பேராச்சி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "பிள்ள எங்கன?"

கடைசி அறையில் ஜுஹைனா புர்கா போட்டுக் கிளம்பித் தயாராக, மடியில் பையை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. ஜாஹிரா பீவி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"ஜாக்கெட்டு எங்க தாயி?"

"இப்போ அது எதுக்குக்கா? நான் அதப் போடப் போறதில்ல."

"எடு பிள்ள. கேள்வி கேக்காத."

கட்டிலுக்கு அடியில் சுருட்டிப் போட்டிருந்த பச்சை ஜாக்கெட்டை ஜாஹிரா பீவி எடுத்துக் கொடுத்தாள். பேராச்சி தரையில் உட்கார்ந்தாள். பிளேடை எடுத்து இடப்பக்கம் லைனிங்கின் தையலைப் பிரித்தாள். ரெண்டு விரலை உள்ளே விட்டு வெளியே இழுத்தாள். வெள்ளை மல்துணியில் வட்டம் வட்டமாகத் தையல் ஓடின மெத்தை. அதைத் தரையில் வைத்தாள்.

வெளியே ஒரு பிள்ளை பலூன் கேட்டு அழுதது.

"ஒன் ஒடம்பு சரியாத்தான் இருக்கு தாயி" என்றாள் பேராச்சி. "ஜாக்கெட்டுதான் தப்பு. என் கை பழக்கத்துல வச்சுத் தைச்சிருச்சு. ஆண்டவன் மேலயும் பழி இல்ல, டாக்டர் மேலயும் பழி இல்ல. இந்தக் கை மேலதான். என்னய மன்னிச்சிரு."

ஜுஹைனா குனிந்து அந்த மெத்தையை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை வருசமும் தன் நெஞ்சின் மேல் கிடந்ததை அவள் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எல்லாமே துணிக்குள் மூடித்தானே வரும்.

"இதுவா?" என்றாள்.

"இதேதான்."

சட்டென்று அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நேத்துலருந்து நான் செத்துப் பொழச்சேன்க்கா! என்னெல்லாம் நெனச்சேன் தெரியுமா? அல்லா தண்டிச்சிட்டான்னு நெனச்சேன். உம்மா சொன்னத கேக்காம போனேனேன்னு நெனச்சேன். நீங்க ஒரு தடவ, ஒரே ஒரு தடவ பாத்துத் தைச்சிருக்கக் கூடாதா?"

"பாத்திருக்கணும்."

"இருவத்தி மூணு வருசமா தைக்கேன் தைக்கேன்னு பெருமையா சொல்லுவீங்க!"

"சொல்லுவேன். இனிமே சொல்ல மாட்டேன்."

"ஏட்டி, போதும்" என்று ஜாஹிரா பீவி மகள் தோளைத் தொட்டாள். ஜுஹைனா கையைத் தட்டிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். பேராச்சி தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். ஏச்சு வாங்குவது அவளுக்குப் புதுசு இல்லை. ஆனால் இந்த ஏச்சு நியாயமானது. அது முழுசாக வந்து முடியட்டும் என்று காத்திருந்தாள். பிறகு ஊசியில் நூல் கோத்து, பிரித்த லைனிங்கைச் சின்னச் சின்னத் தையலாகப் போட்டு மூடினாள். பல்லால் நூலைக் கடித்தாள்.

"போட்டுப் பாரு தாயி. ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு. இப்பவும் சரியில்லைன்னா நானே ஒங்ககூட ஆஸ்பத்திரிக்கு வாரேன்."

பேராச்சி வழக்கம் போல எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். பின்னால் புர்கா கழற்றுகிற சத்தம் கேட்டது. கொக்கிகள் ஒவ்வொன்றாக மாட்டுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்த நேரம் பேராச்சிக்கு மலை ஏறின மாதிரி நீண்டது.

"அக்கா, திரும்புங்க."

"இருக்கட்டும் தாயி."

"திரும்பிப் பாருங்கன்னு சொல்லுதேன்லா."

பேராச்சி திரும்பினாள். பீரோக் கண்ணாடிக்கு முன்னால் ஜுஹைனா நின்றாள். பச்சைப் பட்டு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி படிந்திருந்தது. பதினோரு வருசத்தில் பேராச்சி அவளை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடிக்குள் ஜுஹைனாவும் தன்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையை மேலே தூக்கினாள், இறக்கினாள். பக்கவாட்டில் திரும்பினாள். இடப்பக்கத்துத் துணியை ரெண்டு விரலால் தடவினாள். வெறும் துணி. அதன் கீழே அவள்.

"லேசா இருக்கு" என்றாள்.

ஜாஹிரா பீவி கட்டிலில் உட்கார்ந்து, கையை ஏந்தி, வாய்க்குள்ளேயே துஆ ஓதினாள். ஓதி முடித்து முகத்தைத் தடவிக்கொண்டு, "பையப் பிரி. துணிய எடுத்து உள்ள வை" என்றாள். பிறகு பேராச்சி பக்கம் திரும்பி, "நீ சாப்பிடாமப் போனியோ, அப்புறம் நான் ஏச ஆரம்பிப்பேன்" என்றாள்.

பேராச்சி பஞ்சு மெத்தையை எடுத்து மடிப்பர்சில் வைக்கப் போனாள். "அக்கா, அதத் தூரப் போட்டுராதீங்க" என்றாள் ஜுஹைனா. மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மிஷின் பக்கத்துல வச்சு ஊசி குத்திக்கோங்க. குத்தும் போதாவது ஞாபகம் வரட்டும்."

"குத்துதேன் தாயி. தெனம் குத்துதேன்."

டாக்டருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார்களாம். வலியோ காய்ச்சலோ சிவப்போ இல்லையென்றால் அவசரமாக வர வேண்டாம், அடுத்த மாசம் வழக்கமான செக்கப்புக்கு வந்தால் போதும் என்று அவர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஷஹானா கல்யாணத்தில் ஜுஹைனா பச்சைப் பட்டு உடுத்தினாள். அவளை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. எல்லோரும் பிரியாணியைப் பற்றிப் பேசினார்கள். அதைத்தான் அவளும் விரும்பினாள்.

மறு வெள்ளிக்கிழமை பேராச்சி ஊதுபத்தி கொளுத்தி, ஒரு வார்த்தையைக் கூட்டிக்கொண்டாள். "என் கையால கெட்டுப் போவக் கூடாது. கெட்டுப் போனா ஒடனே என் கண்ணுல காட்டு." மிஷின் ஓரத்தில் பஞ்சு மெத்தை இருந்தது. அதில் ஏழெட்டு குண்டூசிகள் குத்தியிருந்தன. இன்னொரு மெத்தையை அவள் பிரித்து, பஞ்சை எடுத்துச் சங்கரபாண்டியின் தலையணையில் சேர்த்துவிட்டாள். கவரில் இப்போது நூலும் கொக்கியும் மட்டும்.

பத்து மணி வாக்கில் கடையில் நாலு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்கு நைட்டி, ஒருத்திக்குப் பிள்ளைப் பாவாடை. அப்போது ஜுஹைனா வந்தாள். பேராச்சி அவளைக் கண்டதும் பழக்கத்தில் உள்ளறைக் கதவைத் திறக்க எழுந்தாள்.

"உள்ள எதுக்குக்கா? அந்தச் சுடிதாருக்கு அளவ இங்கனயே எடுங்க. லேபுக்கு நேரமாச்சு."

அவள் அத்தனை பேருக்கும் நடுவில், சுடிதாருக்கு மேலேயே, கையை ரெண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நின்றாள். பேராச்சி டேப்பைப் போட்டாள். நைட்டிக்காரி அவளைப் பார்க்கக்கூட இல்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள் ஜுஹைனா. "கல்யாணத்துக்குத் தைச்ச ஜாக்கெட்டு இருக்குல்லா. கழுத்து ரொம்ப ஏறிப் போச்சுக்கா. போட்டோல பாத்தா ஆச்சி மாதிரி இருக்கேன். கை வேற முழங்கைல பிடிக்கி. என்னத்த அளவெடுத்தீங்களோ!"

உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். "இவகிட்ட எல்லாருக்கும் இதே பாடுதான்" என்றாள் ஒருத்தி.

பேராச்சி அளவு நோட்டில் புதுசாக ஒரு பக்கத்தைப் புரட்டினாள். அதில் புள்ளி ஒன்றும் வைக்கவில்லை. "கழுத்து அரை இஞ்சு எறக்கணும்" என்று பெரிய எழுத்தில் எழுதினாள். எழுதுகிறபோது கண்ணில் நீர் கோத்து எழுத்து மங்கிற்று.

"ஏன்க்கா, கோவமா?"

"இல்ல தாயி" என்றாள் பேராச்சி. "கைய நல்லாத் தூக்கு. முழங்கைய இன்னொரு தடவ எடுக்கேன்."